வெட்டிப் பேச்சு அறை

திரையில் எல்லாம் பச்சையாக இருந்தால் மற்றவர்கள் காப்பி குடிக்கப் போவார்கள். எனக்கு மட்டும் இருக்கையை விட்டு எழ மனம் வராது. சிவப்பு எரிந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும், திட்டிக்கொண்டே போய்ச் சரிசெய்யலாம். பச்சை இருக்கிறதே, அது எதையும் சொல்லாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு ஏஜெண்டுகளும் பச்சையாக இருந்தன. ஒன்றிலும் பழுதில்லை. வெள்ளிக்கிழமை ஏற்றியதிலிருந்து ஒன்றும் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

நான் அங்கயற்கண்ணி, மதுரைக்காரி. கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில், ஆளுக்குப் பதிலாகத் தானே பேசி வேலை முடிக்கும் மென்பொருள்களை, அதாவது ஏஜெண்டுகளை, கிளவுடில் ஏற்றிவிடுவதும், ஏறியவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்ப்பதும் என் வேலை. முதலாளி திருமூர்த்தி உடுமலைப் பக்கத்துக்காரர். அவர் ஊருக்குப் பக்கத்தில் கருக்கம்பள்ளம் என்ற இடத்தில் ஒரே கிளை வாய்க்காலில் பதினோரு தோட்டங்கள். இன்னாருக்கு இந்தக் கிழமை, இத்தனை மணி நேரம் என்று தண்ணீருக்கு முறை உண்டு. ஒருவருக்கு வேண்டாத நேரத்துத் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு உயிர் போகிற தேவையாக இருக்கும். பேசி மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பேச்சை ஆளுக்கொரு ஏஜெண்டு வைத்துப் பேசி முடித்தால் என்ன என்பதுதான் திருமூர்த்தி சாருக்குத் தோன்றிய யோசனை.

இதில் எங்கள் கம்பெனியின் பெருமை ஒன்று உண்டு. தோட்டக்காரர் தன் ஏஜெண்டிடம் தனியாக உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுவார். எப்படி நடந்துகொள்ள வேண்டும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தன் வாயாலேயே சொல்வார். தோட்டத்தில் அன்றன்று நடப்பதையும் போனிலேயே அதனிடம் சொல்லி வருவார். ஏஜெண்டு அதை இம்மி பிசகாமல் அப்படியே செய்யும். அவர் பேசும் தோரணையில்தான் பேசும். அவர் சொன்னதை நாங்களே திறந்து பார்க்க முடியாது. மாற்ற வேண்டுமானாலும் அவர் குரல்தான் வேண்டும். "உங்க மனசு உங்களோட" என்று திருமூர்த்தி சார் ஊர்க்கூட்டத்தில் சொன்னபோது நன்றாகக் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து ஏற்றினோம். சார் லேப்டாப்புக்குக் கற்பூரம் காட்டினார். நான் தீ படாமல் லேப்டாப்பைத் தள்ளி வைத்தேன்.

செவ்வாய் காலை போன் வந்தது.

"கண்ணு, மயிலாத்தா பேசறேன். உன்ற மிசினு ஏதாச்சும் பேசுச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"நேத்து என்ற மொறைத் தண்ணிய விட்டு வெங்காயம் ஊனிப்போட்டேன். நாளைக்கு உயிர்த்தண்ணி விட்டாகோணும். என்ற மொறை இனி அடுத்த திங்கக்கெழமதான். நீ சொன்னீன்னுதான் கண்ணு தைரியமா ஊனுனேன்."

நான்தான் சொன்னேன். ஊர்க்கூட்டத்தில் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "நட்டுருங்கக்கா, தண்ணிய ஏஜெண்டு பாத்துக்கும்" என்று மார்தட்டாத குறையாகச் சொல்லியிருந்தேன். ஊன்றிய மூன்றாம் நாள் விடுகிற தண்ணீருக்குத்தான் உயிர்த்தண்ணீர் என்று பெயர். கிணறு வற்றிக் கிடக்கிற இந்த வெயிலில் அது தவறினால் விதை வெங்காயம் மண்ணுக்குள்ளேயே சுருங்கிவிடும். வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறையில் விதைக்கென்று வைத்திருந்ததை மயிலாத்தாள் முழுசாக ஊன்றிவிட்டார். மறுபடி ஊன்ற அவரிடம் ஒன்றுமில்லை.

ஏஜெண்டுகளை ஒவ்வொன்றாக எழுப்பினேன். எழுந்தது. யாராவது கூப்பிட்டார்களா என்று பார்த்தது. இல்லை என்று தெரிந்ததும், 'காத்திருக்கிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி தூங்கிப்போனது. பதினொன்றும் அதே கதைதான்.

திருமூர்த்தி சார் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஒண்ணும் செவப்பா இல்லியே?"

"அதான் சார் பிரச்சினையே."

"கிளவுடுக்காரங்களக் கேட்டுப் பாத்தியா?"

"அவங்க தளம் நல்லாத்தான் இருக்கு. வேலை இல்லாத ஏஜெண்டைத் தூங்க வைக்கும், யாராவது கூப்பிட்டா எழுப்பிவிடும். இங்க பதினொண்ணும் இன்னொருத்தன் கூப்பிடட்டும்னு தூங்குது. ஒண்ணுகூட வாயத் திறந்து இன்னொன்னைக் கூப்பிடல."

"தண்ணி வேணும்கறவிய ஏஜெண்டு கூப்புடோணுமே?"

"கூப்பிடலையே சார்! அது ஏன்னு உள்ள பாக்கலாம்னா, 'உங்க மனசு உங்களோட'ன்னு பூட்டு போட்டு வச்சிருக்கோமே."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பதில் தெரியாதபோது அதைத்தான் செய்வார். நான் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு உடுமலைப் பஸ் பிடித்தேன்.

மயிலாத்தாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் பழனியப்பன் இறந்து மூன்று வருடம் ஆகிறது. தனியாகத்தான் பண்ணையம் பார்க்கிறார். நான் போனபோது பாத்தி ஓரத்தில் குத்த வைத்து, மண்ணை விரலால் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்மண் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"அக்கா, ஒளிக்காமச் சொல்லுங்க. ஏஜெண்டுகிட்ட என்னதான் சொல்லி வச்சீங்க?"

"என்னத்தச் சொன்னேன்... ஒழுக்கமா நடந்துக்கோன்னேன்."

"அப்புறம்?"

"மருவாதையாப் பேசுன்னேன்."

"அப்புறம்க்கா?"

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "ஒருத்தரு வாசல்லயும் போயி நிக்காதேன்னேன். தண்ணி வேணுமான்னு அவியளாக் கேட்டா, ஆமாங்கன்னு சொல்லச் சொன்னேன்."

நான் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "அக்கா! தண்ணி வேண்டியது உங்களுக்கு. நீங்க கேக்காம வேற யாரு கேப்பா?"

"நாம் போயிக் கேக்கறதுக்கு உன்ற மிசினு எதுக்கு கண்ணு? கேக்காமக் கெடைக்கும்னுதான சேந்தேன்."

சரி, இப்போதாவது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள், போய்க் கேள் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டவே இல்லை.

"அது என்னாட்டவே பேசுதுல்ல? அது கேட்டா நாங் கேட்டதுதான். அவரு போனதுக்கப்பறம் நான் ஒருத்தரு முன்னால நின்னதில்ல கண்ணு. ஒருக்கா கேட்டுட்டா பாவம்பாங்க. பாவம்னு வாயில வந்துருச்சுன்னா அப்பறம் நம்மள ஒரு ஆளா மதிக்க மாட்டாங்க."

"நாளைக்கு யாரு முறை?"

"அக்கட்ட தெரியுது பாரு, அந்தத் தென்னந்தோப்பு. சென்னியப்பண்ணன். அவிய தோப்பு வரப்பை வெட்டுனா என்ற காட்டுக்கே தண்ணி எறங்கிரும்."

"நான் போய்க் கேக்கறேன்."

"நீ கேட்டா நான் அனுப்புன மாதிரி ஆயிரும். கேக்க மாட்டேன்னு சொல்லீட்டுப் போ." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி சும்மா இல்லை. சரி என்று சொல்லிவிட்டுத்தான் நகர முடிந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! எங்கள் ஊரில் வேண்டும் என்றால் வேண்டும் என்று கேட்டுவிடுவோம். இல்லை என்றால் சண்டை போடுவோம். சாயங்காலம் சேர்ந்து டீ குடிப்போம். இங்கே என்னடாவென்றால் வெங்காயம் ஒரு பக்கம் வதங்க, மரியாதை ஒரு பக்கம் செழிக்கிறது.

சென்னியப்பன் தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, வாட்டசாட்டமான ஆள். காலடியில் ஒரு நாய் படுத்திருந்தது. ஒரு இளநீரைச் சீவிக் கையில் கொடுத்தார். நான் அதைக் கேட்கவே இல்லை.

"ஐயா, மெஷின் வேலை செய்யல. அதான் ஒவ்வொருத்தர்கிட்டயா விசாரிக்க வந்தேன். உங்க ஏஜெண்டுகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"அதுல என்னம்மா ஒளிவு மறைவு? கேட்டா மொத்தத் தண்ணியவும் குடுத்துரு, ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த பேசாதேன்னேன்."

"நீங்களாக் கேக்கச் சொல்லலையா? தண்ணி வேணுமான்னு?"

அவர் உரிப்பதை நிறுத்தினார். "அதெப்புடிம்மா கேக்கறது? ஒரு பொம்பள தனியாளா நின்னு பண்ணயம் பாக்குது. நானாப் போயி தண்ணி வேணுமான்னா, உன்னால முடியலையான்னு கேட்ட மாதிரி ஆயிராதா? அது அந்தப் புள்ளைக்குக் கொறச்சல்தான? யாரு காட்டு வெசயத்துலயும் நீயாத் தலைய நீட்டாதேன்னுதான் சொல்லியிருக்கறேன்."

பெயரை நான் சொல்லவில்லை. அவர்தான் 'ஒரு பொம்பள' என்றார். அதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆத்திரம் கண்ணை மறைத்திருந்தது.

"உங்க ஊருக்கே ஒரு கும்பிடு! பதினோரு பேரும் இப்படித்தான் சொல்லி வச்சிருப்பீங்க போல. கேட்டாக் குடுக்கறதுக்குப் பதினோரு பேரு ரெடி, கேக்கறதுக்கு ஒரு ஆள் இல்ல. அங்க ஒருத்தர் வெங்காயத்த ஊனிட்டு நாளைக்குத் தண்ணிக்கு..." நாக்கைக் கடித்துக்கொண்டேன். கையைப் பிடித்து வாங்கிய வாக்கு நினைவுக்கு வந்தது.

சென்னியப்பன் எதுவும் காதில் விழாதவர்போல நாயின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தார்.

நான் குரலைத் தணித்துக்கொண்டேன். "முன்னாடியெல்லாம் எப்படித்தான்யா மாத்திக்கிட்டீங்க?"

"அதுக்கென்ன, பால் சொசைட்டிலதான். காத்தால எல்லாரும் பால் ஊத்த வரிசைல நிப்போம். பழனியப்பன் கேனப் பாத்துட்டே, 'ஊனியாச்சு, தண்ணிதான் எப்புடியோ'ம்பான். நான் சுவத்துல தொங்கற கேலண்டரப் பாத்து, 'புதங்கெழம நமக்குத் தண்ணி அவ்வளவா வேண்டியதில்ல'ம்பேன். தீந்துச்சு. அவன் கேக்கவும் இல்ல, நாங் குடுக்கவும் இல்ல. தண்ணி பாட்டுக்குப் போவும்."

"இப்ப?"

"இப்ப வேனு வூட்டு வாசலுக்கே வந்து பால எடுத்துட்டுப் போயிருது. சவுரியந்தான்." உரித்த நாரை ஒதுக்கிப் போட்டார். "பழனியப்பனும் போய்ட்டான். அந்தப் புள்ள மொகத்தப் பாத்தே நெம்ப நாளாச்சு."

எனக்குள் ஏதோ பளிச்சென்றது. இளநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பின்னால் அவர் நாயிடம், "ஏண்டா வெள்ளையா, தென்னைக்கு இந்த மொறை தண்ணி வேண்டியதில்லையாட்ட இருக்குது" என்று சொல்வது கேட்டது. நாயோடு பேசுகிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

மயிலாத்தாள் வீட்டு மாட்டுக் கொட்டகை நிழலில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, சாரைப் போனில் பிடித்தேன்.

"சார், ஏஜெண்டுங்களுக்கு ஒரு பொது அறை ஏத்தப் போறேன். அதுல யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். தோணுனத சும்மா சொல்லலாம். ஒண்ணு பேசினா எல்லாம் முழிச்சுக்கும்."

"ஏஜெண்டுன்னா ஒண்ணு கேக்கோணும், இல்லாட்டி பதில் சொல்லோணும். இதென்னம்மா, வெட்டிப் பேச்சுக்கு ஒரு ரூமா?"

"ஆமா சார். உங்க ஊர்ல அப்படித்தான் வேலை நடந்திருக்கு. போய்க் கேக்காதேன்னு எல்லாரும் சொல்லியிருப்பாங்க போல. சும்மா பேசாதேன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

மறுமுனையில் போனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடியைத் துடைக்கிறார் என்று புரிந்தது.

"எங்கப்பாகூட அப்புடித்தாம்மா," என்றார் கடைசியில். "சுவத்தப் பாத்துத்தான் பேசுவாரு. ஏன்னு நான் யோசிச்சதே இல்ல. அப்ப நாம பண்ணுனதே தப்புங்கறியா?"

"தப்புன்னு இல்ல சார். பால் வேன் வந்து சொசைட்டி வரிசையத் தூக்கிருச்சு. மிச்சம் மீதி இருந்த பேச்ச நாம தூக்கப் பாத்தோம்."

"ஏத்து," என்றார்.

ஏற்றி முடித்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மயிலாத்தாள் சாணி அள்ளிய கையோடு வந்து பக்கத்தில் நின்றார். பதினோரு ஏஜெண்டுகளையும் அறைக்குள் விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. இணைப்பு இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தேன். அப்புறம் வாய்க்கால் கடைசியில் இருக்கும் கடைமடைத் தோட்டத்துக் காளியண்ணனின் ஏஜெண்டு ஒரு வரி போட்டது.

'வெயிலு இந்த வருசம் ஓவருங்க.'

'ஆமாங்க,' என்றது இன்னொன்று.

'கொழுக்கட்டப் புல்லுகூடக் கருகிப் போச்சு.'

அடக் கடவுளே, இதற்கா இத்தனை பாடு என்று நான் தலையில் கை வைத்தேன். மயிலாத்தாளோ சிரித்துவிட்டார். "காளியண்ணன் அச்சு அசலா இப்புடித்தான் கண்ணு, எதெடுத்தாலும் வெயில்லதான் ஆரம்பிப்பாரு."

மாட்டுத் தீவனம் வந்தது, மயில் தொல்லை வந்தது, தென்னை வண்டு வந்தது. பிறகு மயிலாத்தாளின் ஏஜெண்டு பேசியது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

'சும்மாதான் சொல்றேன். நேத்து வெங்காயம் ஊனியாச்சு. மேமண்ணு வெளுக்குது.'

எல்லாம் அமைதியாகிவிட்டன. மயிலாத்தாள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

'நாளைக்குப் பத்து மணிக்கு மேல தோப்புக்குத் தண்ணி வேண்டியதில்ல,' என்றது சென்னியப்பனின் ஏஜெண்டு. 'இன்னாருக்குன்னு சொல்லல. வீணாத்தான் போவும்.'

'வீணாப் போறது கீழ எறங்குனா எறங்கட்டுமுங்க,' என்றது மயிலாத்தாளுடையது.

அவ்வளவுதான். பத்து மணியிலிருந்து தண்ணீர் மாற்றியதாகத் திரையில் பதிவு விழுந்தது.

"நாங் கேக்கலையே கண்ணு?" என்றார் மயிலாத்தாள்.

"நீங்க எங்கக்கா கேட்டீங்க? சும்மா சொன்னீங்க."

அன்றைக்கு என்னைப் போகவே விடவில்லை. கொள்ளுப் பருப்பும் சோறும் போட்டார், இரண்டு தடவை கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். இதெல்லாம் மட்டும் வாய் நிறையக் கேட்பார்கள்.

காலையில் சலசலவென்று சத்தம் கேட்டு விழித்தேன். மணி ஏழுகூட ஆகவில்லை. வெளியே வந்தால் வெங்காயக் காட்டில் பாதிப் பாத்தி நனைந்துவிட்டது. தண்ணீர் கரை கட்டிய வழியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. வரப்பில் சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டியோடு நின்றார். நாய் அவர் பின்னால் சேற்றை முகர்ந்துகொண்டிருந்தது.

"ஐயா, பத்து மணிக்குத்தானே?"

"எது பத்து மணி?"

"உங்க ஏஜெண்டு நேத்து சாயங்காலம் பேசி முடிச்சுச்சே. தெரியாதா?"

"போனு வூட்டுல சார்ஜுல கெடக்குது. நான் எங்க பாத்தேன்?" மண்வெட்டியால் ஒரு மடையை மூடி அடுத்ததைத் திறந்தார். "நேத்து நீ வந்து அந்தக் கத்துக் கத்துனயே. ஊனிட்டு நிக்கறாங்கன்னு பாதி சொன்ன, மீதி முழுங்குன. நானுந்தான் தண்ணி வேண்டியதில்லைன்னு சொன்னேன்."

"எப்பச் சொன்னீங்க?"

"வெள்ளையன்கிட்டச் சொன்னனே."

படித்துப் படித்து, தளம் தேடி, அறை கட்டி ஏற்றினேனே, அதற்கு முன்பே காரியம் முடிந்திருக்கிறது. நானே நடமாடும் பால் சொசைட்டியாக ஊரைச் சுற்றி வந்திருக்கிறேன். தெரியாமல் போனது எனக்கு மட்டும்தான். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

மயிலாத்தாள் காப்பி கொண்டுவந்தார். இரண்டு டம்ளரையும் என் கையிலேயே கொடுத்தார். "பாவம், காத்தால இருந்து ஆரோ நிக்கறாங்களாட்ட இருக்குது," என்றார் மாட்டைப் பார்த்து. நான் ஒரு டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, "சக்கர சரியாப் போட்டிருக்குது," என்றார் நாயைப் பார்த்து.

அடுத்த வாரம் திருமூர்த்தி சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"கிளவுடு பில்லப் பாத்தியா? உன்ற ஏஜெண்டு ஒண்ணுகூடத் தூங்கறதில்ல. தண்ணிப் பேச்சு கொஞ்ச நேரத்துல முடிஞ்சிருது. மிச்ச நேரம் பூரா அந்த ரூமுல ஒக்காந்துட்டுக் கதை. மூடிரலாமா?"

"என்ன பேசுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம் சார்."

அறை பொது இடம், அதனால் பூட்டில்லை. திறந்தேன். காளியண்ணனின் ஏஜெண்டு வழக்கம்போல வெயிலில் ஆரம்பித்திருந்தது. யாரோ மயிலைத் திட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே, அன்று காலையில் விழுந்த ஒரு வரியைப் பார்த்து நான் திரைக்குக் கிட்டே குனிந்தேன்.

'மயிலாத்தா, வெங்காயம் மொளச்சுருச்சா?'

பேசியது சென்னியப்பனின் ஏஜெண்டு. யார் காட்டு விஷயத்திலும் நீயாகத் தலையை நீட்டாதே என்று அவர் வாயாலேயே சொல்லி வைத்த அதே ஏஜெண்டு. அது தானாக இப்படிக் கேட்கவே கேட்காது. அவர் உட்கார்ந்து தன் குரலில் மாற்றிச் சொல்லியிருந்தால் மட்டும்தான் கேட்கும். என்ன சொல்லி மாற்றினார் என்று நான் திறந்து பார்க்க முடியாது, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

பதில் உடனே வந்திருக்கவில்லை. மதியம் வரைக்கும் ஒன்றுமில்லை. மயிலாத்தாளும் உட்கார்ந்து எதையோ மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வந்திருந்தது.

'நல்லா மொளச்சுருச்சுங்கண்ணா. பொழுதோட வந்து பாத்துட்டு, இங்கயே சோறு உண்டுட்டுப் போங்க.'

பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய கேலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பில்லு அப்புடியொண்ணும் சாஸ்தியாத் தெரியல."